திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் தேராது தெளிதலும்

துப்பறியும் கதை என்றதும் நம் இலக்கிய நண்பர்களில் ஒரு சாரார் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். ரயில் பயணத்துக்கும் காய்ச்சல் கண்ட நாட்களுக்கும் உரிய வாசிப்பு அது என்பது அவர்களுடைய தீர்ப்பு. அத்தீர்ப்பை மறுத்து வாதாடுவதற்காக நாம் இங்கே வரவில்லை. ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு, அதற்குள் கிடக்கும் ஒரு பழைய கேள்வியை நினைவூட்டவே விரும்புகிறோம். உள்ளுணர்வை எவ்வளவு தூரம் நம்பலாம்? பிறன் ஒருவனைக் குற்றவாளி என்று நம் உள்ளம் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு நாம் யாரிடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்?

நாவலை வாசிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். முடிவைத் தொடாமல் இதைப் பேச இயலாது.

லண்டனில், பிரிக்ஸ்டன் சாலையை ஒட்டிய ஓர் ஆளில்லாத வீடு. கூடத்தில் ஒரு பிணம். உடலில் காயமில்லை, ஆனால் தரையில் இரத்தம். சுவரில் இரத்தத்தாலேயே எழுதிய ஒரு சொல். காவல்துறையின் இரு அதிகாரிகள் ஆளுக்கொரு திசையில் ஊகம் செய்துகொண்டிருக்க, அவர்கள் அழைத்துவந்த இளைஞர் ஒருவர் தரையில் மண்டியிட்டு ஊர்ந்து, சிறிது சாம்பல்நிறத் தூளைத் திரட்டி உறைக்குள் போட்டுக்கொள்கிறார். பிறகு எழுந்து, கொலையாளியை நேரில் கண்டவர்போல் வருணிக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், நடுவயது, உயரத்துக்குப் பொருந்தாத சிறிய பாதம், முரட்டுக் காலணி, சிவந்த முகம், வலக்கையில் நீண்ட நகங்கள், புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு.

ஆம், நம் திருச்சிராப்பள்ளிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் நம் ஊர்ச் சுருட்டுக்குத் தனிப்பெயர் இருந்தது. சுருட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே தமிழிலிருந்து சென்றதுதான். அந்தச் சாம்பல் கரியது, செதில் செதிலாக உதிர்வது என்று அந்த இளைஞர் சொல்கிறார். அவர் பெயர் ஷெர்லக் ஹோம்ஸ். நாவலின் பெயர் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. அவர் உலகத்துக்கு அறிமுகமானது அதில்தான்.

அந்த வருணனையில் ஒன்றை மட்டும் நாம் தனியே எடுத்து வைத்துக்கொள்வோம். உயரத்துக்குக் காரணம் உண்டு: காலடிகளின் இடைவெளியும் சுவரில் எழுத்து இருந்த உயரமும். நகத்துக்கும் காரணம் உண்டு: எழுதியபோது சுவரின் காரை கீறப்பட்டிருந்தது. சுருட்டுக்குச் சாம்பல் சாட்சி. ஆனால் சிவந்த முகம்? நண்பர் வாட்சன் கேட்கும்போது ஹோம்ஸ் சற்றே நழுவுகிறார். அது கொஞ்சம் துணிந்து எய்த அம்பு, ஆனாலும் சரியாகவே இருக்கும், இப்போது அதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்கிறார். தர்க்கத்தின் திருவுருவம் என்று நாம் கொண்டாடும் மனிதர், முதல் வழக்கிலேயே காரணம் சொல்லாமல் ஒரு முடிவை முன்வைக்கிறார். அவர் நம்மிடம் கடன் கேட்கிறார்.

*

இந்நாவல் பிறந்த கதை சிறியது. 1886இல் போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்சீ பகுதியில், நோயாளிகள் அதிகம் வராத ஓர் இளம் மருத்துவர் சில வாரங்களில் இதை எழுதி முடித்தார். பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பினர். இறுதியில் வார்டு லாக் நிறுவனம் 25 பவுண்டுக்கு முழு உரிமையையும் வாங்கிக்கொண்டு, 1887இன் பீட்டன் கிறிஸ்துமஸ் ஆண்டுமலரில் வெளியிட்டது. ஆர்தர் கானன் டாயிலுக்கு அந்நாவலால் அதற்குமேல் ஒரு காசும் கிடைக்கவில்லை.

ஹோம்ஸின் ஆற்றலுக்கு முன்மாதிரி, எடின்பரோ மருத்துவமனையில் டாயிலின் ஆசிரியராக இருந்த டாக்டர் ஜோசப் பெல். டாயில் 1924இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். புறநோயாளி ஒருவர் உள்ளே வருகிறார். பெல் அவரைப் பார்த்ததும், நீங்கள் அண்மையில் படையிலிருந்து விடுபட்டவர், ஹைலண்டு படைப்பிரிவில் கீழ்நிலை அதிகாரி, பார்படோஸ் தீவில் இருந்தவர் என்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. மாணவர்கள் வாய்பிளந்து நிற்கிறார்கள். பின்னர் பெல் விளக்குகிறார்: வந்தவர் மரியாதையுள்ளவர், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை, அது படைப் பழக்கம், விடுபட்டு நாளாகியிருந்தால் மாறியிருக்கும். அதிகாரத் தோரணை இருந்தது. பேச்சும் தோற்றமும் ஸ்காட்லாந்துக்குரியவை. அவருக்கு வந்திருப்பது யானைக்கால் நோய். அது பிரிட்டனில் வருவதன்று, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது.

விளக்கம் வரும்வரை அது மந்திரம். விளக்கம் வந்தபின், இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. ஹோம்ஸ் கதைகளின் அமைப்பு முழுவதும் இந்த இரண்டு கணங்களுக்கு இடைப்பட்ட தூரம்தான்.

வாட்சனைக் கண்டதும் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறீர்கள் என்று ஹோம்ஸ் சொல்லும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அவர் பின்னர் தரும் விளக்கத்தை அத்தனை பேர் கவனித்ததில்லை. நெடுநாள் பழக்கத்தால் எண்ணங்களின் தொடர் மிக விரைவாக ஓடிவிட்டது, இடைப்பட்ட படிகளைத் தாம் உணரவே இல்லை, ஆயினும் படிகள் இருந்தன என்கிறார் அவர். அதே அத்தியாயத்தில், தமக்கு இத்துறையில் ஒருவகை உள்ளுணர்வு உண்டு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். ஆக, ஹோம்ஸ் உள்ளுணர்வு இல்லாதவர் அல்லர். தம் உள்ளுணர்வின் படிகளைத் திரும்ப இறங்கிவந்து காட்டக் கூடியவர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அவருக்கும் முன்னோடி உண்டு. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய 'ரூ மார்க்' கொலைக் கதையின் தொடக்கத்திலேயே, பகுத்தாய்பவனின் முடிவுகள் முறையான சிந்தனையால் விளைந்தவையாயினும் பார்ப்பவருக்கு உள்ளுணர்வின் சாயலில் தோன்றும் என்ற கருத்தை நிறுவிவிடுகிறார். போவின் துப்பறிவாளர் துய்பேனை ஹோம்ஸ் தம் முதல் நாவலிலேயே இகழ்ந்து பேசுவது, தந்தையைப் பழிக்கும் மகனின் சேட்டை என்று விட்டுவிடலாம்.

*

ஹோம்ஸ் தம் முறையை எப்போதும் 'டிடக்ஷன்' என்றே அழைப்பார். தருக்க நூலார் இதை ஒப்புவதில்லை. பொதுவிதியிலிருந்து தனி முடிவுக்கு இறங்குவது அன்று அவர் செய்வது. சாம்பலைக் கண்டு சுருட்டை ஊகிப்பது. நம் மரபில் இதற்கு இடம் உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர் திறம் கேட்ட காதை அளவைகளை வரிசைப்படுத்தும்போது, வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று அறிவதை அனுமானத்தின் ஒரு வகையாகக் கூறுகிறது. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடப்பது அது. தம் தொழிலுக்குத் தேவையானது பின்னோக்கிச் சிந்திக்கும் திறனே என்று நாவலின் இறுதி அத்தியாயத்தில் ஹோம்ஸும் சொல்கிறார்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் இவ்வகைச் சிந்தனைக்கு 'அப்டக்ஷன்' என்று தனிப்பெயர் இட்டார். ஊகித்தல் என்று நாம் கொள்ளலாம். அவருக்கே ஒரு துப்பறியும் கதை உண்டு. 1879இல் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சென்ற நீராவிக் கப்பலில் அவருடைய கடிகாரமும் மேலங்கியும் திருடுபோயின. கப்பலின் கறுப்பினப் பணியாளர் அனைவரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரிடமும் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். ஒரு தடயமும் புலப்படவில்லை. எப்படியாவது ஊகித்தே தீரவேண்டும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு ஒருவனைத் தேர்ந்தார். அமர்த்திக்கொண்ட துப்பறியும் நிறுவனத்தார் வேறொருவனைப் பின்தொடர்ந்து ஏமாந்தனர். இறுதியில் பர்ஸ் தாம் ஐயுற்றவனின் இருப்பிடத்துக்கே போய்த் தம் பொருள்களை மீட்டார்.

இதைப் படிக்கும்போது வியப்பும் நெருடலும் ஒருங்கே எழுகின்றன. வியப்பு, ஊகம் பலித்ததற்கு. நெருடல், அந்த வரிசைக்கு. கறுப்பினத்தவர் மட்டும் ஏன் நிறுத்தப்பட்டார்கள்? உள்ளுணர்வு தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, வேறொன்று தேர்வைச் செய்து முடித்துவிட்டது. கடிகாரம் கிடைத்துவிட்டதால் நாம் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். கிடைக்காமல் போயிருந்தால்?

*

அந்தக் கேள்விக்கு விடை, ஹோம்ஸைப் படைத்தவரின் வாழ்விலேயே வந்து நின்றது.

ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் கிரேட் வைர்லி என்பது சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊர். அவ்வூர்ப் போதகர் ஷாபூர்ஜி எடல்ஜி, கிறித்தவம் தழுவிய பம்பாய்ப் பார்சி. மனைவி ஆங்கிலப் பெண்மணி. மூத்த மகன் ஜார்ஜ், பர்மிங்காமில் வழக்கறிஞர். ரயில் பயணிகளுக்கான சட்டம் குறித்து ஒரு சிறுநூலும் எழுதியவர். 1903இல் அவ்வட்டாரத்தில் இரவு நேரங்களில் குதிரைகளும் மாடுகளும் ஆடுகளும் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. பெயரில்லாக் கடிதங்கள் பறந்தன. ஆகஸ்டு மாதம் ஒரு மட்டக்குதிரை அவ்வாறு கிடந்த அன்றே ஜார்ஜ் எடல்ஜி கைது செய்யப்பட்டார். அவர் தம் அறையில்தான் பூட்டிக்கொண்டு உறங்கினார் என்று உடன் உறங்கிய தந்தை சாட்சி சொன்னார். எடல்ஜி சிறையில் இருக்கும்போதே மற்றொரு விலங்கு வெட்டப்பட்டது. இவை எவையும் பயன்படவில்லை. ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

கைதுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1890களில், இதே குடும்பத்துக்கு மிரட்டல் கடிதங்கள் வந்திருந்தன. ஒரு பள்ளிக்கூடத்தின் சாவி அவர்கள் வாசலில் கிடந்தது. அப்போது மாவட்டக் காவல்துறைத் தலைவர் கேப்டன் ஆன்சன், சாவியைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று ஜார்ஜ் எவ்வளவு சொன்னாலும் தாம் நம்பப்போவதில்லை என்று தந்தைக்கு எழுதினார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு தடயமும் முன்பே முடிவுசெய்யப்பட்ட இடத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது. மாநிறத்து முகம், அன்னியப் பெயர், நிலைகுத்திய விழிகள்: ஊராரின் உள்ளுணர்வுக்கும் இவை போதுமானவையாக இருந்தன.

மூன்றாண்டுக்குப் பின் 1906இல் எடல்ஜி விடுவிக்கப்பட்டார். ஆனால் குற்றம் நீங்கவில்லை, தொழில் செய்ய உரிமையும் இல்லை. அவர் டாயிலுக்கு எழுதினார். லண்டன் ஓட்டல் ஒன்றில் சந்திக்க ஏற்பாடாயிற்று. டாயில் சற்றுத் தாமதமாக வந்தார். எடல்ஜி அங்கே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றே பக்கவாட்டில் பிடித்திருந்தார். டாயில் கண் மருத்துவம் பயின்றவர். 1891இல் லண்டனில் கண் மருத்துவராகத் தொழில் நடத்த முயன்றவர். கடும் கிட்டப்பார்வை என்று கண்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்டவர் இருட்டில் வயல்களையும் வேலிகளையும் ரயில் பாதையையும் கடந்துபோய் ஒரு விலங்கைத் தேடிப்பிடித்து வெட்டித் திரும்பியிருக்க முடியுமா?

ஆன்சனுக்கு ஒரு கணத்தில் தெரிந்தது. டாயிலுக்கும் ஒரு கணத்தில் தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் டாயில் அத்துடன் நிற்கவில்லை. கண் நிபுணரின் சோதனையை நாடினார், ஊருக்குப் போய்த் தாமே நடந்து பார்த்தார், ஆவணங்களைப் படித்தார். 1907 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' நாளேட்டில் விரிவாக எழுதினார். எவரும் மறுபதிப்புச் செய்யலாம் என்று உரிமையையும் விட்டுக்கொடுத்தார். தம் உள்ளுணர்வைப் பிறர் சோதிக்கும்படி முச்சந்தியில் வைத்தார் என்று சொல்லலாம். அரசு அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பின் அவ்வாண்டு மே மாதம் எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கடிதங்களை அவரே எழுதியிருக்கக்கூடும் என்று கூறி இழப்பீடு மறுக்கப்பட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டமானதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலர் ஒப்புவது.

மணிமேகலையின் அதே காதை, அளவைகளைச் சொன்ன கையோடு அறிவின் பிழைகளையும் எட்டாகப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று தேராது தெளிதல். வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமல் மனிதன் என்று முடிவுகட்டுவது அதற்கு உதாரணம். ஐயம் என்பது தனியான பிழை. அது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது. தேராது தெளிந்தவனுக்கு அந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆன்சனின் நோய் அதுதான்.

சிலப்பதிகாரத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் அவனைப் பார்த்ததும், இவன் தோற்றம் கள்வனுடையது அன்று என்றே சொல்கிறார்கள். அவர்களுடைய உள்ளுணர்வு சரியானது. ஆனால் பொற்கொல்லன் களவு நூலின் நுணுக்கங்களை எடுத்துவிரித்துப் பேசப் பேச, அந்த உணர்வு கரைந்துபோகிறது; ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பின்னர் அவையில் கண்ணகி செய்வது எளிய காரியம். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா? யாருடைய உள்ளுணர்வும் அங்கே வேண்டியதில்லை. அந்தச் சோதனையைச் செய்ய முன்பே ஒருவருக்குத் தோன்றியிருந்தால் காப்பியமே இல்லை.

*

டாயிலை நாயகனாக்கி இக்கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். வரலாறு அவ்வளவு வசதியாக அமைவதில்லை.

எடல்ஜி வழக்கிலேயே, உண்மைக் குற்றவாளி இன்னான் என்று வேறோர் இளைஞரை டாயில் முடிவுசெய்துகொண்டார். அதற்கு அவர் திரட்டிய சான்றுகள் மெலிந்தவை, அதிகாரிகள் ஏற்கவில்லை. ஒரு தேராத தெளிவை முறியடித்த கை, உடனேயே இன்னொன்றைப் பற்றிக்கொண்டது.

1916இல் ஆவியுலகில் தமக்குள்ள நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் பணத்தையும் உடலையும் அதற்கே செலவிட்டார். யார்க்‌ஷயரின் இரு சிறுமியர் எடுத்த தேவதைப் படங்களை மெய்யென்று நம்பி 1922இல் ஒரு நூலே எழுதினார். அவை அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்கள் என்று முதுமையில், 1983இல், அப்பெண்மணிகளே ஒப்புக்கொண்டனர்.

1926 டிசம்பர் 3ஆம் நாள் இரவு அகதா கிறிஸ்டி வீட்டைவிட்டுப் புறப்பட்டுக் காணாமல் போனார். சர்ரே பகுதியில் நியூலண்ட்ஸ் கார்னர் அருகே அவருடைய கார் கைவிடப்பட்டுக் கிடந்தது. நாடே தேடியது. டாயில் கிறிஸ்டியின் கையுறை ஒன்றைப் பெற்று, ஹொரேஸ் லீஃப் என்ற ஆவியுலகத் தொடர்பாளரிடம் கொடுத்தார். பொருளைத் தொட்டு உடையவரை அறியும் ஆற்றல் தமக்கு உண்டு என்று சொல்லிக்கொண்டவர் அவர். இப்பொருளுக்கு உரியவர் இறக்கவில்லை, வரும் புதன்கிழமை செய்தி கிடைக்கும் என்றார். 14ஆம் நாள் செவ்வாய்க்கிழமை கிறிஸ்டி ஹாரகேட் நகரின் ஓட்டல் ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருந்தது தெரியவந்தது. மறுநாள், புதனன்று, செய்தித்தாள்களில் வந்தது. டாயில் இதை ஆவியுலக ஆற்றலின் வெற்றியாகப் பத்திரிகைக்கு எழுதினார்.

கிறிஸ்டியை உண்மையில் கண்டுபிடித்தவர்கள் அந்த ஓட்டலின் இசைக்குழுவினர். பத்திரிகையில் வந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் காவல்துறைக்குச் சொன்னார்கள். ஹோம்ஸ் இருந்திருந்தால் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பார்.

டாயிலும் இதை உள்ளூர அறிந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். தம் மற்றொரு நாயகரான பேராசிரியர் சாலஞ்சரை 1926இல் வெளிவந்த 'தி லாண்ட் ஆஃப் மிஸ்ட்' நாவலில் ஆவியுலக நம்பிக்கைக்கு மாற்றிவிட்டார். ஹோம்ஸை மாற்றவில்லை. 1924இல் எழுதிய சசெக்ஸ் இரத்தக்காட்டேரிக் கதையிலும், பேய்களுக்குத் தம் அலுவலகத்தில் இடமில்லை என்ற நிலையிலேயே ஹோம்ஸ் நிற்கிறார். படைத்தவர் சரிந்த பின்னும் படைப்பு நிமிர்ந்து நின்றது. எழுத்தாளனைவிட அவன் எழுத்து நேர்மையாக இருந்த அரிய தருணங்களில் இதுவும் ஒன்று.

*

1929இல், கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் அவ்வகை எழுத்துக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். பாதி விளையாட்டு, பாதி உறுதி. ஆறாவது கட்டளை: தற்செயல் துப்பறிவாளருக்கு உதவலாகாது, கணக்குச் சொல்ல இயலாத உள்ளுணர்வு அவருக்குத் தோன்றி, அது சரியாகவும் அமைந்துவிடலாகாது. நாக்ஸ் தடுத்தது உள்ளுணர்வை அன்று. கணக்குச் சொல்ல இயலாத உள்ளுணர்வை. அதற்கு முந்தைய ஐந்தாம் கட்டளை கதையில் சீனர் எவரும் வரக்கூடாது என்கிறது. படிப்பவர்க்கு அது அதிர்ச்சி தரும். ஆனால் அக்காலத்து மலிவு நாவல்களில் சீனப் பெயர் கண்டாலே கொடியவன் என்று எழுதிவந்த வழக்கத்தை எள்ளவே அது எழுந்தது. இவ்விரு கட்டளைகளும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். எடல்ஜியை நினைவில் வைத்துப் படிக்கும் நமக்கு அவை ஒரே கட்டளையின் இரு பாதிகளாகவே தெரிகின்றன. அன்னியனைக் கண்டதும் உள்ளம் சொல்லும் சொல்லை, ஆராயாமல் ஏற்காதே.

பர்ஸ் தம் கடிகாரக் கதையை எழுதிய கட்டுரை, அவர் மறைந்து பதினைந்தாண்டுக்குப் பின் அதே 1929இல்தான் அச்சில் வந்தது என்பது தனிச் சுவை.

1930இல் லண்டனில் உருவான துப்பறியும் கதாசிரியர் சங்கத்தின் உறுதிமொழி, தெய்வ வெளிப்பாடு, தந்திர மந்திரம் ஆகியவற்றோடு பெண்களின் உள்ளுணர்வையும் விலக்கிவைத்தது. அச்சங்கத்தின் உறுப்பினரான அகதா கிறிஸ்டி, மிஸ் மார்ப்பிள் தோன்றும் முதல் நாவலை அதே ஆண்டில் வெளியிட்டார். அதில் அந்த மூதாட்டி உள்ளுணர்வை ஒரு சொல்லை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பதற்கு ஒப்பிடுகிறார். குழந்தையால் அது முடியாது. பலமுறை கண்ட பழக்கத்தால் வளர்ந்தவர்க்கு முடிகிறது. ஜோசப் பெல்லும் ஹோம்ஸும் செய்தது இதுதான். கேட்டால் எழுத்துக்கூட்டிக் காட்டவும் அவர்களால் முடியும். கையுறையைத் தொட்டுச் சொன்னவரால் முடியாது.

நம் தமிழிலும் இக்கட்டளைக்கு ஓர் இனிய மறுமொழி உண்டு. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' நாக்ஸின் ஆறாம் கட்டளையை வாரந்தோறும் மீறியது. வங்கிக் குமாஸ்தாவான சாம்புவுக்குத் தர்க்கமும் இல்லை, உள்ளுணர்வும் இல்லை. அவர் தடுமாறி விழும் இடத்தில் திருடன் அகப்படுகிறான். ஊர் அவரை மேதை என்கிறது. நாம் சிரிக்கிறோம். வெற்றி மட்டுமே வழிமுறைக்குச் சான்றாகிவிடாது என்பது அச்சிரிப்புக்குள் இருக்கிறது. ஹொரேஸ் லீஃப் புதன்கிழமை என்றதும் பலித்தது. சாம்பு விழுந்ததும் பலித்தது.

*

மீண்டும் பிரிக்ஸ்டன் சாலைக்கு வருவோம். அந்நாவலில் நமக்கு மிகப் பிடித்தது வருணனைக் காட்சியன்று, மாத்திரைக் காட்சி. இரண்டாவது கொலை நடந்த அறையில் ஒரு சிறு பெட்டியும் இரு மாத்திரைகளும் கிடைக்கின்றன. அவை நஞ்சு என்று ஹோம்ஸ் உறுதியாகச் சொல்கிறார். வீட்டுக்காரம்மாவின் நோயுற்ற, வேதனையிலிருந்து விடுவிக்கும்படி அவரே வேண்டிக்கொண்ட, கிழட்டு நாய்க்கு ஒன்றைக் கரைத்துக் கொடுக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. நிமிடங்கள் கழிகின்றன. ஹோம்ஸ் உதட்டைக் கடிக்கிறார், மேசையில் தாளம் போடுகிறார். தம் சங்கிலி முழுவதும் தவறாக இருக்குமோ என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிகிறது. காவல் அதிகாரிகள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். பிறகுதான் அவருக்கு உறைக்கிறது: இரண்டில் ஒன்று மட்டுமே நஞ்சு. இரண்டாவது மாத்திரை நாயின் நாவில் பட்டதும் அது இறந்துபோகிறது.

அந்த அச்சத்துக்காகவே ஹோம்ஸை நம்பலாம். தம் உள்ளுணர்வு பொய்த்துப்போகக்கூடிய ஒரு சோதனையை, எல்லார் முன்னிலையிலும் தாமே ஏற்பாடு செய்தார். கேப்டன் ஆன்சன் அப்படி ஒரு மாத்திரையைக் கரைத்துப் பார்த்ததே இல்லை. 

சிவந்த முகத்துக்கான கடனும் கடைசி அத்தியாயத்தில் அடைபடுகிறது. தரையில் கிடந்த இரத்தம் கொலையுண்டவனுடையது அன்று, கொலையாளியினுடையது. அவன் காலடியோடு சேர்ந்தே சென்றது. உணர்ச்சி வேகத்தில் மூக்கில் இரத்தம் வடியுமாயின் அவன் செழுங்குருதி உடையவனாக, சிவந்த முகத்தவனாக இருக்கக்கூடும். மெலிந்த காரணம்தான். ஆனால் காரணம் என்று ஒன்று இருந்தது. அதைப் பிறர் எடைபோடலாம்.

உள்ளுணர்வு எல்லார்க்கும் வருகிறது. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவரைப் பற்றி, ரயிலில் எதிரே அமர்ந்தவரின் பெயரைக் கேட்டதும், செய்தித்தாளில் கைதானவரின் படத்தைப் பார்த்ததும் நம் உள்ளம் ஏதோ சொல்லிவிடுகிறது. அது வருவதைத் தடுக்க இயலாது. அடுத்த கணம் தரையில் மண்டியிட்டுச் சாம்பலைத் தேடுகிறோமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.